நடைவண்டியும் சிறுதேரும்

மனிதன் முதன்முதலில் ஏறிய வாகனம் எது என்று கேட்டால், குதிரை என்பாரும் உண்டு. மாடு பூட்டிய வண்டி என்பாரும் உண்டு. குழந்தைகளைக் கேட்டால் விடை வேறு. தாயின் இடுப்பே முதல் வாகனம். அடுத்தது தந்தையின் தோள். மூன்றாவது, 'உப்பு மூட்டை' என்று சொல்லி நம்மை முதுகில் சுமந்து கூடத்தைச் சுற்றி வரும் தாத்தா. இம்மூன்றிலும் ஏறி இறங்கிய பிறகே மரத்தாலும் இரும்பாலும் ஆன வாகனங்கள் நம் வாழ்வில் வந்து சேருகின்றன. அவற்றைப் பற்றி இம்மாதம் நேயர்களோடு சற்று உரையாட விரும்புகிறோம்.

இவ்விஷயத்தில் தமிழ்க் குழந்தைக்குப் பரம்பரைப் பாத்தியதை ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் ஒரு தெருக் காட்சியைக் காட்டுகிறார். முற்றத்தில் தானியம் உலர்கிறது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் தன் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். அது, காலில் பொன் அணிந்த சிறுவர்கள் குதிரையின்றி உருட்டி வரும் மூன்று கால் சிறுதேருக்கு முன்னே தடையாகக் கிடக்கிறது. பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர், குழந்தையின் வண்டிக்கு எத்தனை சக்கரம் என்பதையும் மறவாமல் எண்ணிச் சொல்லியிருக்கிறார். அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையிலும், ஏறிச் செலுத்தாமல் கையால் உருட்டும் தேர் ஒன்று வருகிறது. அதை உருட்டி அலுத்த பிள்ளைகள் செவிலியிடம் பாலுண்டு உறங்குகிறார்கள். பின்னாளில் பிள்ளைத்தமிழ் என்ற இலக்கியம் வளர்ந்தபோது, ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவமாக, முடிவான பருவமாக, சிறுதேரே அமைந்தது.

வடமொழியிலும் இதற்கு ஈடு உண்டு. சூத்ரகரின் மிருச்சகடிகம் என்னும் நாடகத்தின் பெயருக்கே 'மண் வண்டி' என்பது பொருள். அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன் வண்டியைக் கண்ட ஏழைச் சிறுவன், தன் மண் வண்டி வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை தன் ஆபரணங்களைக் கழற்றி அந்த மண் வண்டியில் இட்டு நிரப்புகிறாள். நாடகத்தின் பெருஞ்சிக்கல்கள் பல அந்த வண்டியைச் சுற்றியே எழுகின்றன. குழந்தையின் வண்டி அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்கள் இந்நாடகத்தைப் படிக்கக் கடவர்.

இனி நம் கல்கத்தாவுக்கு வருவோம். எங்கள் பெற்றோர், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று மாடி வீடு ஒன்றில் குடியிருந்தனர். 1950களின் பிற்பகுதி அது. ஆறு தமிழ்க் குடும்பங்கள் மாடிகளில். வீட்டுக்கார வங்காளிக் குடும்பம் கீழ்க்கட்டில். தகப்பனார்கள் காலையில் மோர் சாதம் உண்டு, ராஷ்பிஹாரி அவென்யூவில் டிராம் ஏறி, டல்ஹௌஸி சதுக்கத்துக் காரியாலயங்களுக்குச் சென்று, கணக்கு எழுதியும் சுருக்கெழுத்து எழுதியும் ஜீவனம் நடத்தினர். சம்பளம் அளவானது, செலவு அளவற்றது. விளையாட்டுப் பொருளுக்கென்று பணம் ஒதுக்கும் வழக்கமே எந்தக் குடும்பத்திலும் இருந்ததில்லை.

ஆகவே எங்கள் நடைவண்டி கடையில் வாங்கப்பட்டதன்று. திருநெல்வேலிச் சீமையில் ஒரு கோயில் திருவிழாக் கடையில் பாட்டி வாங்கி, பழைய புடவையில் சுற்றி, ஹவுரா மெயிலில் இரண்டு இரவு மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வழியில் டிக்கெட் பரிசோதகர், "இது என்ன, பாட்டி?" என்று கேட்டாராம். "வண்டி" என்றாளாம் பாட்டி. "வண்டிக்குள் வண்டியா? இதற்கும் டிக்கெட் எடுத்திருக்கிறீர்களா?" என்றாராம் அவர். "ஓட்டுகிறவன் கல்கத்தாவில் இருக்கிறான். அவன் ஏறினால் வாங்கிக் கொள்ளுங்கள்" என்று பாட்டி பதில் சொன்னதை, அவள் இறுதிக் காலம் வரையில் பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடைவண்டியின் அமைப்பை இக்காலத்துக் குழந்தைகளின் பொருட்டுச் சொல்லிவைப்பது நலம். பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒன்று. அவற்றின்மேல் முக்கோணமாக ஒரு சட்டம். சட்டத்திலிருந்து எழும் இரண்டு கால்கள். அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குக் கட்டை. குழந்தை அக்கட்டையைப் பற்றி எழுந்து நின்று தள்ளினால் வண்டி நகரும். வண்டி நகர்ந்தால் குழந்தையும் நடந்தாக வேண்டும். மூன்று சக்கரம் ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. நான்கு கால் உள்ள பலகை மேடுபள்ளத் தரையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும். மூன்று கால் உள்ளது எத்தரையிலும் மூன்றையும் ஊன்றி நிற்கும். பட்டினப்பாலைச் சிறுவனின் தேருக்கும் எங்கள் வண்டிக்கும் சக்கரக் கணக்கு ஒன்றாயிருந்ததைப் பிற்காலத்தில் படித்தறிந்தபோது, ஏதோ உறவினரைக் கண்டதுபோன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று.

அந்த ஒரு வண்டி ஆறு குடும்பத்துக்கும் பொதுவாயிற்று. ஒரு வீட்டுக் குழந்தை பிடியின்றி நடக்கத் தொடங்கியதும், வண்டியைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, ஒரு பிடி சர்க்கரையோடு அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள். மூன்றாம் ஆண்டில் அது கீழ்க்கட்டு வங்காளிக் குடும்பத்தின் பேத்திக்கும் நடை பயிற்றியது. அன்று வீட்டுக்கார மாஷிமா ஒரு தட்டு சந்தேஷ் அனுப்பினாள். நடக்கத் தெரிந்த பெரிய பிள்ளைகளான நாங்கள், சிறியதொன்றைச் சட்டத்தின்மேல் உட்காரவைத்துத் தள்ளுவோம். நடைவண்டி அப்பொழுது டிராமாகிவிடும். ஒருவன் கண்டக்டர், ஒருவன் மணி. கல்கத்தாவில் 1873ஆம் ஆண்டு குதிரை இழுத்த டிராம் ஓடிற்று. 1902இல் மின்சார டிராம் வந்தது. எங்கள் டிராம் இரண்டுக்கும் இடைப்பட்டது: குதிரையும் இல்லை, மின்சாரமும் இல்லை.

ஊருக்கு விடுமுறையில் போனால் வேறு வாகனங்கள் காத்திருக்கும். நுங்கு தின்றபின் எஞ்சிய இரண்டு கூந்தல்களைக் குச்சியால் இணைத்து, கவட்டைக் கம்பால் தள்ளிச் செல்லும் நுங்கு வண்டி. தென்னை மட்டையின் அகன்ற அடியில் ஒருவன் உட்கார, மற்றொருவன் நுனியைப் பற்றி இழுக்கும் மட்டை வண்டி. இவையெல்லாம் நம் ஊர்ச் சொத்து என்று எண்ணியிருந்தோம். கீழ்க்கட்டுத் தாத்தாவோ, கிழக்கு வங்காளத்தில் தாம் சிறுவராயிருந்தபோது பாக்கு மரத்தின் பாளை மட்டையில் உட்கார்ந்து, தமக்கை இழுக்க, குளக்கரை முழுவதும் சவாரி செய்ததைச் சொன்னார். பிரிவினைக்குப் பின் அக்குளக்கரையை அவர் மீண்டும் பார்க்கவில்லை. ஊரைவிட்டு வந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்பதை, ஒரு பாக்கு மட்டையின் கதையால் அன்று ஒருவாறு உணர்ந்தோம்.

கடைவண்டிகளும் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. பெரியவர்களோடு சௌரங்கிப் பக்கம் சென்றால், கண்ணாடிக்குப் பின்னே மிதித்து ஓட்டும் சிறு மோட்டார் நிற்கும். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்போம்; ஆவி படிந்து வண்டி மறையும்; துடைத்துவிட்டு மறுபடி பார்ப்போம். அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றது, இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனி செய்த ஜே-40 என்னும் மிதி மோட்டார். அதன் வரலாற்றைப் பிற்பாடு அறிந்தோம். அது வேல்ஸ் நாட்டில் பார்கோய்டு என்னும் ஊரில், 1949 முதல் 1971 வரையில் செய்யப்பட்டது. செய்தவர்கள், நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு, சுரங்கத்தில் இறங்க இயலாமற்போன தொழிலாளர்கள். பெரிய மோட்டார் ஆலையில் மிஞ்சிய தகட்டைக் கொண்டு, 32,000க்கும் மேற்பட்ட சிறு மோட்டார்களை அவர்கள் செய்து முடித்தார்கள். மூச்சு வாங்க நடப்பவர்கள் செய்த வண்டியில், ஓடியாடும் குழந்தைகள் ஏறினார்கள். உலகில் வாகனங்கள் இவ்வாறுதான் கைமாறுகின்றன போலும்.

மூன்று சக்கர சைக்கிளோ எட்டிய கனவு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலையும், நம் வங்காளத்தில் ஆசன்சோலில் சென்-ராலே ஆலையும் எழுந்த காலம் அது. அச்சந்தில் ஒரே ஒரு வீட்டில் குழந்தைகள் சைக்கிள் இருந்தது. அதன் சொந்தக்காரன் எங்களுக்கு ஒரு சுற்று கொடுப்பான். விலை, நாலு கோலி. இன்று ஆசன்சோல் ஆலை இயங்கவில்லை. அந்தக் கோலிகளும் எங்கே போயினவோ.

பெரிய பையன்கள் கடையை நம்பியிருக்கவில்லை. மோட்டார்ப் பட்டறைகளில் தேய்ந்து கழித்த பேரிங்குகளைக் கேட்டு வாங்கி, பலகையின் அடியில் பொருத்தி, முன் கட்டையை ஒரே போல்ட்டில் சுழலவிட்டு, கயிற்றால் திருப்பும் பேரிங் வண்டி செய்தார்கள். சிமெண்டு நடைபாதையில் அது எழுப்பும் 'கரகர' ஓசை, பகலுறக்கம் கொள்ளும் மாமிமார்களின் சாபத்தையெல்லாம் எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

இவ்விடத்தில் ஒரு சிறுவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் மாடியில் குடியிருந்த மாமியின் மகன். எங்கள் வண்டியைப் பிடித்து நடை பழகியவர்களுள் அவனும் ஒருவன். விரைவாக நடந்தவன் என்ற பெயரும் பெற்றவன். மூன்றாம் வயதில் ஒரு வாரம் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் இறங்கியபோது இடது கால் துவண்டுவிட்டது. இளம்பிள்ளை வாதம் என்றார் டாக்டர். ஒத்தடம், எண்ணெய் தேய்த்தல், பிறகு இரும்புச் சட்டம் பூட்டிய பூட்ஸ். இவையன்றி வேறு வைத்தியம் அவனுக்கு அன்று கிடைக்கவில்லை. நோயைத் தடுக்கும் மருந்து அமெரிக்காவில் 1955இலேயே வந்துவிட்டது. நம் சந்துக்கு அது வரவில்லை.

அவனைத் தனியே விட்டு விளையாட எங்களுக்கு மனம் வரவில்லை. பேரிங் வண்டியில் உட்காரவைத்து இழுத்தோம். அவன் சிரித்தான். ஆனால் மாமி ஓடிவந்து, அவனை வாரி எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் தாயார் பிறகு காரணம் சொன்னாள். காளிகாட் கோயிலுக்குப் போகும் வழியில், கால் இழந்தவர்கள் இத்தகைய தாழ்ந்த பலகையில் அமர்ந்து, கையால் தரையைத் தள்ளி நகர்ந்து, பிச்சை கேட்பார்கள். மாமி ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர்களைக் கடந்து செல்கிறவள். தன் பிள்ளையை அத்தகைய பலகையின்மேல் கண்டதும் அவளுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

ஆஷாட மாதம் வந்தது. வங்காளத்துக் குழந்தைகளுக்கு ரத யாத்திரை எத்தகைய திருநாள் என்பதை நம் நேயர்கள் அறிவார்கள். ஸ்ரீராம்பூரை அடுத்த மகேஷில் 1885இல் செய்த இரும்புத் தேர் 50 அடி உயரம். அதைப் பல்லாயிரவர் இழுப்பார்கள். நகரத்துச் சந்துகளிலோ, இரண்டடி மூன்றடி உயரமுள்ள மரத்தேர்களில் ஜகந்நாதர், பலராமர், சுபத்திரை பொம்மைகளை வைத்து, இலையும் பூவும் வர்ணக் காகிதமும் ஒட்டி, சிறுவர் சிறுமியர் கயிறு கட்டி இழுப்பார்கள். மழை தவறாது பெய்யும். பாப்படமும் ஜிலேபியும் தின்பார்கள். நம் புலவர்கள் பாடிய சிறுதேர்ப் பருவம், ஏட்டை விட்டு இறங்கித் தெருவில் நனைந்துகொண்டு வருவதுபோல் இருக்கும்.

அவ்வாண்டு எங்கள் வீட்டுக்கும் ஒரு தேர் வேண்டுமென்று, முனையிலிருந்த வங்காளித் தச்சரிடம் சொன்னோம். வீட்டுக்காரத் தாத்தா பணம் கொடுத்தார். மாடிப் பையனைத் தேருக்குப் பக்கத்தில் ஒரு வண்டியில் உட்காரவைத்து ஊர்வலம் விடலாம் என்பது பெரியவர்கள் யோசனை. அவனோ மறுத்துவிட்டான். அப்பொழுது அவனுக்கு வயது ஏழு. "நான் சுவாமி இல்லை, உட்கார்ந்து வருவதற்கு. நானும் இழுக்கிறேன்" என்றான்.

சட்டம் பூட்டிய காலோடு, இரு கையாலும் எதையேனும் பற்றிக்கொள்ளாமல் அவனால் நிற்க இயலாது. இரு கையும் பற்றுவதற்குப் போனால், கயிற்றைப் பிடிப்பது யார்? தச்சர் சற்று நேரம் அவனைப் பார்த்தார். பிறகு மாடிப்படியின் கீழ்க் கிடந்த எங்கள் நடைவண்டியை எடுத்துப் போனார். மூன்று நாள் கழித்துக் கொண்டுவந்தார். கைப்பிடிக் கால்களை ஒட்டுப்போட்டு, அவன் இடுப்புக்கு மேலே வரும்படி உயர்த்தியிருந்தார். உயரம் கூடினால் வண்டி சாயுமல்லவா? அதற்காகச் சட்டத்தின்மேல் ஒரு கனத்த கட்டையை ஆணியடித்துப் பாரமாக்கியிருந்தார். பிளந்திருந்த முன் சக்கரத்தை எடுத்துவிட்டு, மாமரத்தில் புதிதாக ஒன்று கடைந்து பொருத்தியிருந்தார். சட்டத்தின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் இரும்பு வளையம். தேர்க்கயிறு அவ்வளையங்களில் மாட்டி, அவனுடைய இருபுறமும் வந்து, பின்னால் தேரில் சேரும். அவன் வண்டியைத் தள்ளினால், தேர் பின்னே வரும்.

ரத யாத்திரையன்று மழை சற்று விட்டிருந்தது. வீட்டு வாசலிலிருந்து டிராம் சாலை முனை வரையில் அவன் தேரை இழுத்தான். நாங்கள் ஓடினால் ஒரு நிமிஷத் தூரம். அவன் போய்ச் சேர அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. முன்னால் போகவேண்டிய நாங்கள் பன்னிரண்டு பேரும் பின்னால் நடந்தோம். மற்றச் சந்துகளின் தேர்கள் வந்து நின்று வழிவிட்டன. மாமி வாசலில் நின்றாள். மகனுக்கு நடை பயிற்றிய வண்டியே அவனுக்கு இரண்டாம் முறையும் நடை பயிற்றுவதைக் கண்டு நின்றாள் என்றே இன்று எண்ணத் தோன்றுகிறது. அவள் அழவில்லை. முனை போய்ச் சேர்ந்ததும், "மெதுவாகத் திரும்பி வா" என்று மட்டும் கூவினாள்.

அவன், இல்லை, அவர், பின்னர் படித்து, ஒரு காரியாலயத்தில் கணக்கராகி, குடும்பத்தோடு தெற்கே சென்றார். இன்று எழுபதைக் கடந்தவர். அவ்வப்பொழுது தொலைபேசியில் பேசுகிறோம்.

அந்த நோயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1995இல் பல்ஸ் போலியோ இயக்கம் நாடெங்கும் தொடங்கிற்று. வீடுவீடாகச் சென்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் ஒரு குழந்தை கடைசியாகத் தாக்குண்டது 2011ஆம் ஆண்டு ஜனவரியில். நம் கண்ணெதிரே, நதிக்கு அக்கரையில், ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27இல், நம் நாடு இந்நோயிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் சான்று வழங்கப்பட்டது. இச்செய்தியைத் தொலைபேசியில் தெற்கே சொன்னபோது, அப்பக்கத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படியானால் அந்த வண்டிக்கு இனி அந்த வேலை இல்லை" என்றார்.

இன்றைய குழந்தைகளுக்கு வாகனப் பஞ்சமில்லை. மின்கலத்தால் தானே ஓடும் மோட்டார், பாட்டுப் பாடும் ஸ்கூட்டர், பிளாஸ்டிக் குதிரை எல்லாம் அடுக்குமாடி வீட்டு வராந்தாக்களில் நிற்கின்றன. அவற்றைக் குறைசொல்வது நம் நோக்கமன்று. ஏறும் குழந்தையின் முகத்திலுள்ள மகிழ்ச்சி அன்றுபோலவே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லலாம். அவ்வண்டிகள் ஒரு குழந்தையோடு வந்து, அக்குழந்தையோடு ஓய்வு பெறுகின்றன. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு மஞ்சள் குங்குமத்தோடு போவதில்லை. பரணில் ஓய்ந்து கிடக்கும் வண்டி நேயர்கள் வீட்டில் இருக்குமாயின், துடைத்து எண்ணெயிட்டு, இவ்வாண்டு நடக்கத் தொடங்கும் குழந்தை எந்த வீட்டில் இருக்கிறதென்று விசாரித்து அனுப்புங்கள். அது தமிழ் வீடாய் இருக்க வேண்டுமென்பதில்லை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். எங்கள் நடைவண்டி 1970களில், சென்னைக்கு மாற்றலாகிச் சென்ற ஒரு குடும்பத்தோடு போயிற்று. அங்கிருந்து வேறொரு வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. அதற்குமேல் தடம் தெரியவில்லை. அடையாளம் இவை: பின் சக்கரங்கள் இரண்டும் சிவப்பு அரக்குப் பூசியவை, முன் சக்கரம் மட்டும் மாமரம், வர்ணம் இல்லை, கைப்பிடிக் கால்களில் ஒட்டுப்போட்ட இடம் தெரியும், இரு பக்கமும் இரும்பு வளையம் இருக்கும். கைப்பிடியை மீண்டும் தாழ்த்தியிருந்தாலும் வளையங்களை யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம். எந்த நேயர் வீட்டிலேனும் அது இருக்குமாயின், நம் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். திருப்பிக் கேட்க மாட்டோம். இதுவரை எத்தனை குழந்தைகள் அதைப் பிடித்து நடந்தார்கள் என்று தெரிவித்தால் போதும். தெற்கே ஒருவருக்கு அக்கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது.